கன்றுக்காக யாரும் அழவில்லை

தென்காசி,
9-6-1957

அன்புள்ள குழல்வாய்மொழிக்கு,

உலகம்மாள் எழுதுவது. நீ கல்யாணமாகிப் பம்பாய் போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதத்தில் நல்ல செய்தி இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இருக்கிறது. ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் காந்திமதிநாதன். இங்கே தபால் ஆபீசில் தந்தி வாங்குகிற வேலை. அதிகம் பேசாதவர் என்று சொல்கிறார்கள். நிச்சயத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உன் அண்ணன் சுந்தரபாண்டியனைப் பற்றி உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து எதிரே அய்யாக்குட்டியின் வெற்றிலைக் கடை ஓரமாக வந்து நிற்கிறார். ஒன்றும் செய்வதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. நிற்கிறார், அவ்வளவுதான். வகுப்பு ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியவில்லை. திறந்தால் அவர். நம் பக்கம் மதுவிலக்கு என்பதால் ரயிலேறிக் கேரள எல்லை தாண்டி ஆரியங்காவு போய்க் குடித்துவிட்டு வருகிறார். மாலையில் பெரிய கோயில் வாசலில், அந்தக் காற்றில் நின்று பாடுகிறார். அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே. கூட்டம் கூடுகிறது. நான் அந்த வழியாகப் போனால் பேச்சு நின்றுபோகிறது.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது நான் மறுக்கவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. கம்பவுண்டர் மகள் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார். “நீங்க என்ன சொன்னீங்க?” என்று உன் அண்ணனிடம் கேட்டேன். “அப்பா முன்னால நான் என்னத்தைச் சொல்ல?” என்றார். அன்றைக்கு என் மனசு விட்டுப்போயிற்று. அதன் பிறகு திருவனந்தபுரத்துக்குப் போய் அங்கே சௌக்கியமாகத்தான் இருந்தார். என்னை வேறொருவர் பெண் கேட்டு வந்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது.

அவர் யார் சொல்லும் கேட்பதில்லை. நீ சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
உலகு


தாராவி, பம்பாய்,
15-6-1957

அன்புள்ள உலகுவுக்கு,

குழல் எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம். உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்காக இல்லை, கோபித்துக்கொள்ளாதே. அண்ணனுக்காக.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். யாரைப் பார்த்து ஏட்டி பயம்? அவன் உன் கையைப் பிடித்து இழுத்தானா? கெட்ட வார்த்தை சொன்னானா? உன் மாப்பிள்ளை வீட்டில் போய் ஏதாவது பேசினானா? நிற்கிறான், பாடுகிறான், குடிக்கிறான். தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான். வேறு ஆம்பிளையாக இருந்தால் மறு மாசமே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு உன்னை மறந்திருப்பான். என் வீட்டுக்காரர் சிவசைலம் அத்தானை எடுத்துக்கொள். நான் செத்துப்போனால் மில்லுக்கு ஒரு நாள் லீவு போடுவார், மறுநாள் டிபன் பாத்திரத்தைத் தேடுவார். ஒருத்தன் ஒரு பெண்ணுக்காக இப்படி உருகுவதை நான் கதையில்தான் கேட்டிருக்கிறேன். என் அண்ணனே அப்படி ஆவான் என்று நினைக்கவில்லை.

எனக்கும் எழுதியிருக்கிறான். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. “அவ ஒரு வார்த்தை அன்பாச் சொன்னா நான் பொழைச்சுக்கிடுவேன்” என்று எழுதியிருக்கிறான். ஒரு வார்த்தைதானே? கட்டிக்கொள் என்றா கேட்கிறான்? பாளையங்கோட்டை டிரெயினிங் ஸ்கூலில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நீ. அந்த உலகுவுக்கா மனசு இப்படி இறுகிப்போயிற்று?

பால் பொங்குகிறது. நிறுத்துகிறேன்.

குழல்


தென்காசி,
22-6-1957

குழல்,

என் மனசு இறுகிப்போயிற்றா என்று கேட்டாய். நடந்ததை எழுதுகிறேன், நீயே சொல்.

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மாவும் நானும் உலகம்மன் சன்னதிக்குப் போய்விட்டு வெளியே வந்தோம். மொட்டைக் கோபுரத்துக்குக் கீழே உன் அண்ணன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டார். நான் கடந்து போகும் வரை கையை அசைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். சதை கருகுகிற வாடை வந்தது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி ஓடிப்போய் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தாள். இரண்டு பேர் அவரைத் தாங்கி உட்கார வைத்தார்கள். அதன் பிறகு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரென்றே தெரியாத ஒரு அம்மாள் என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, “உனக்கு இரக்கமே கிடையாதாட்டி?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் வாந்தி எடுத்தேன்.

இன்று வகுப்பில் ஒரு பிள்ளை உள்ளங்கையில் சுண்ணாம்புக்கட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. மற்ற பிள்ளைகளும் சிரித்தன. ஆறு வயசுப் பிள்ளைகள். அடிக்கக் கை வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து, “இந்தப் பொண்ணுக்கும் அந்தப் பையனுக்கும் என்ன?” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா என்னைத் தனியாகக் குழாயடிக்குக்கூட விடுவதில்லை.

இப்போது அய்யாக்குட்டி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜூலை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மலை மேல் செண்பகாதேவி அருவிக்கு நான் ஒரு தடவை வர வேண்டுமாம். ஒரு கும்பிடு போட்டு விடை வாங்கிக்கொண்டு, உன் வீட்டுக்கு, பம்பாய்க்கே வந்துவிடுவாராம். “வரலைன்னா நான் இருக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னாரு டீச்சர். பாவம், ஒரு தடவை போயிட்டுத்தான் வாங்களேன்” என்றான் அய்யாக்குட்டி.

போகாவிட்டால் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயம். போவதை நினைத்தால் அதைவிடப் பயம். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவரை உன்னைவிட அறிந்தவர்கள் இல்லை. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உலகு


தாராவி,
27-6-1957

அன்புள்ள உலகுவுக்கு,

அண்ணன் கை வெந்ததைப் படித்துவிட்டு அழுதேன். உன்னைக் கடிந்து எழுதியதற்காகவும் அழுதேன். சின்னப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துச் சிரித்தது எனக்கும் தாங்கவில்லை.

போ. எனக்காகப் போ. அவன் பம்பாய் வந்துவிட்டால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அத்தானிடம் சொல்லிவிட்டேன், மில்லில் ஒரு வேலை பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அவன் கோழை, எனக்குத் தெரியும். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பவன். ஆனால் ஒரு எறும்பை மிதித்தவன் இல்லை. நான் பொறுப்பு. யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போ. அன்பாக இரண்டு வார்த்தை சொல்லு. திரும்பி வந்ததும் எழுது.

உன்
குழல்


தாராவி,
6-7-1957

உலகு,

போகாதே. தந்தி கொடுக்க அத்தானை அனுப்பியிருக்கிறேன். தந்தி முந்துமோ என்னவோ, மனசு கேட்காமல் இதையும் எழுதுகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலையில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. “ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் எங்களை யாரும் பிரிக்க முடியாது. நீ அழாதே” என்று எழுதியிருக்கிறான். பம்பாய்க்கு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சேர்ந்துவிட்டீர்கள் போல என்று நான் சந்தோஷப்பட்டேன், பார்த்துக்கொள். அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். டிபன் பாத்திரத்தை மூடிக்கொண்டே, “எங்களைன்னா ரெண்டு பேருல்லா? நீ அழாதேன்னு ஏன் எழுதுதான்?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்லாதது மறைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு ஏழு வயசு, அண்ணனுக்குப் பத்து. தொழுவில் ஒரு செவலைக் கன்று. அண்ணன் அதன் மேல் உயிராக இருந்தான். அப்பா அதை விற்க ஏற்பாடு செய்தார். வாங்குகிறவர் வந்து நின்ற காலையில் அண்ணன் கன்றின் கழுத்துக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் குதித்துவிட்டான். ஆட்கள் இறங்கினார்கள். அண்ணன் கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியும், உலகு. கன்று செத்து மிதந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, துவட்டி, மடியில் போட்டு அம்மா அழுதாள். அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். ‘எவ்வளவு பாசம் பிள்ளைக்கு’ என்று ஊரே வந்து பேசியது. நானும் அழுதேன். கன்றுக்காக யாரும் அழவில்லை. அதை எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டா நான் ‘எறும்பை மிதித்தவன் இல்லை’ என்று எழுதினேன்?

போகாதே. போயிருந்தால் திரும்பி வா.

குழல்


தென்காசி,
12-7-1957

குழல்வாய்மொழிக்கு,

தந்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கைக்கு வந்தது. அப்போது நான் மலை மேல் இருந்தேன். உன் கடிதம் நேற்று வந்தது.

உயிரோடு இருக்கிறேன். அவரும் இருக்கிறார்.

நடந்ததை எழுத மாட்டேன். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இதையே இடது கையால் எழுதுகிறேன். வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வேறு எதைச் சொன்னாலும் நான் ஏன் அங்கே போனேன் என்றுதான் கேட்பார்கள்.

உன் அண்ணனை வந்து கூட்டிக்கொண்டு போ. இன்னும் கோயில் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு இனி எழுதாதே.

உலகம்மாள்


தாராவி,
18-8-1957

அன்புள்ள உலகுவுக்கு,

எழுதாதே என்று சொன்னாய். இது ஒன்று மட்டும்.

அத்தானும் நானும் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். புறப்படும் நாளில் உன் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நீதான் போட்டாய் என்று நினைக்கிறேன். நான் தட்டவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

வரும் வழியெல்லாம் ரயிலில் எதிர் இருக்கைக்காரர்கள் அவனுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார்கள். அவன் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே கொடுத்தார்கள்.

ஆவணியில் உன் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும். தேதியை எனக்குத் தெரிவிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தால் என் முகத்தைப் பார்த்தே அண்ணன் கண்டுபிடித்துவிடுவான்.

குழல்


தாராவி,
5-3-1961

அன்புள்ள உலகுவுக்கு,

குழல் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே. உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இத்தனை நாள் உன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் இருந்தால் பெரிய பாவம் செய்தவள் ஆவேன்.

அண்ணன் எங்களோடுதான் இருக்கிறான். மில்லில் வேலை. மூன்று வருஷத்துக்கு மேல் ஒழுங்காக இருந்தான். ஆனால் அவன் கதையைக் கேட்காத ஆள் இங்கே இல்லை. ‘ஒருத்தியை நம்பினேன், அருவிக்கரையில் என் கையை உதறிவிட்டு ஒரு குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டாள்’ என்று சொல்லுவான். சொல்லி முடித்துப் பாடுவான். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். உள்ளே சோறு வடித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கு என்ன தெரியும்? நீதான் நடந்ததைச் சொல்லவே இல்லையே.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஆய்க்குடிக்காரர் செல்லச்சாமி அண்ணாச்சி குடியிருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகள் மாரித்தாய். பதினெட்டு வயசு, நல்ல பிள்ளை, வெகுளி. அவள் அண்ணன் கதையைக் கேட்டு அழுது, அப்புறம் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து, அப்புறம் அவன் சட்டையில் பித்தான் தைத்துக் கொடுத்து... எப்படிப் போயிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். “நான் அவுகளை அந்தத் துக்கத்திலேருந்து வெளியே கொண்டாந்துருவேன்க்கா” என்கிறாள் என்னிடம்.

செல்லச்சாமி அண்ணாச்சி அவளுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அது தெரிந்த நாள் முதல் அண்ணன் மறுபடி குடிக்கிறான். இங்கேயும் மதுவிலக்குதான், ஆனால் சந்துக்குச் சந்து காய்ச்சுகிறார்கள். நேற்று என் காதுபட அவளிடம் சொன்னான்: “நீயும் போயிட்டா நான் இருக்க மாட்டேன், மாரி. ஒரு தடவை எங்கூட கடற்கரைக்கு வா. விடை வாங்கிக்கிடுதேன்.”

ஒரு தடவை. விடை. அதே வார்த்தைகள்.

அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? கண் கலங்கி, “பாவம், ஒரு கன்னுக்குட்டி மேலேயே அம்புட்டுப் பிரியமா இருந்திருக்காகளே” என்றாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அவனை எனக்குப் பிடிக்கும், உலகு. அவன் துணியை நான்தான் துவைக்கிறேன். இருமினால் எழுந்து பார்க்கிறேன். அவனைப் பார்த்துப் பரிதாபப்படாதே என்று அவளிடம் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

உனக்குக் குடும்பம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இது தெரியுமோ தெரியாதோ. கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். செண்பகாதேவியில் என்ன நடந்தது?

குழல்


தென்காசி,
13-3-1961

அன்புள்ள குழலுக்கு,

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு முழுநாளும் அதையே சுற்றி வந்தேன். மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்ததும் அவர்களிடம் எடுத்துக் கொடுத்தேன். படித்தார்கள். “அன்னைக்கு அந்தத் தந்தியை வாங்கி எழுதினதே நான்தான். செண்பகாதேவிக்குப் போகாதேன்னு இருந்துது. கையில கட்டோட உன்னைப் பார்த்தேன். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார்கள். நாலு வருஷமாக இவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், குழல். கை கழுவிவிட்டு வந்து, “அந்தப் பிள்ளைக்கு எழுது. உன் முழுப் பேரும் விலாசமும் போட்டு எழுது. மொட்டைக் கடுதாசின்னு அவன் சொல்லிடக் கூடாது” என்றார்கள்.

கீழே இருப்பது மாரித்தாய்க்கு. நீயே அவள் கையில் கொடு.

தங்கச்சி மாரித்தாய்க்கு,

அருவிக்கரையில் கையை உதறியவள் நான்தான். என் பெயர் உலகம்மாள். உன்னைப் போல நானும் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். பயமும் இருந்தது. ஆனால் அந்தப் பரிதாபம்தான் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று.

கூட வேலை பார்க்கும் நூர்நிஷா டீச்சரைத் துணைக்கு அழைத்துப் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. செண்பகாதேவி கோயிலுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். குடிக்கவில்லை. முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பழைய ஆளாகவே இருந்தார். எனக்குக்கூட ஒரு நிமிஷம் மனசு இளகியது. தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். நூர்நிஷா கோயிலடியில் நின்றுகொண்டாள். நாங்கள் தண்ணீர் விழுகிற பாறைக்குப் போனோம்.

“வந்துட்டியே, அது போதும்” என்றார். “நீங்க நல்லா இருக்கணும். உடம்பைப் பார்த்துக்கிடுங்க” என்றேன். அதுதான் நான் சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்த அன்பான வார்த்தை. சந்தோஷமாகத் தலையாட்டினார். “கையைக் கொஞ்சம் நீட்டு” என்றார். பூ கொடுக்கப் போகிறார் என்று நீட்டினேன். நனைந்த துண்டின் ஒரு முனையை என் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனை ஏற்கெனவே அவர் கையில் கட்டியிருந்தது. நான் விளையாட்டு என்று நினைத்தேன் தங்கச்சி. அவர் சிரித்த முகமாகப் பின்னால் நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் பாறை முடிந்து, கீழே கறுப்பாகத் தண்ணீர்.

“வேண்டாம், விடுங்க” என்றேன். “பயப்படாதே, ஒரு நிமிஷம்தான்” என்றார். குழந்தையிடம் சொல்வது போல அவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. வழுக்கி விழுந்தேன். பாறை இடுக்கில் ஒரு வேர் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். துண்டு முறுக்கிக்கொண்டு தோலை அறுத்தது.

நூர்நிஷா எப்படிப் பார்த்தாளோ, ஓடிவந்தாள். அவள் கெஞ்சவில்லை. குடையால் அவர் கையில் அடித்தாள், முகத்தில் அடித்தாள். பிடி தளர்ந்ததும் என் மேல் விழுந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

நான் உனக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். முடிச்சு அவிழ்ந்த பிறகு அவர் குதிக்கவில்லை. தண்ணீர் அங்கேயேதான் இருந்தது. தடுக்க யாரும் இல்லை. பாறையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோயிலுக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். அவரைச் சுற்றி நின்று தண்ணீர் கொடுத்தார்கள், தலையைத் துவட்டினார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, “இம்புட்டு ஆசை வச்சவனை இப்படி அழ விடலாமா தாயி?” என்றார். என் கையிலிருந்து ரத்தம் சொட்டி ஈரச் சேலையில் பரவிக்கொண்டிருந்தது. நூர்நிஷாவைத் தவிர ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அவர் கெட்டவர் என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. அவருடைய துக்கம் பொய் என்றும் சொல்லவில்லை. அவர் அழுதது நிஜமான அழுகைதான். அவருக்காக அழ வேண்டும் என்று தோன்றினால் அழு. ஆனால் தூரத்தில் இருந்து அழு. கையை நீட்டாதே. கடற்கரைக்குப் போகாதே.

இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடமும் காட்டலாம். யார் கேட்டாலும் காட்டலாம்.

கா. உலகம்மாள்,
ஆசிரியை,
சன்னதித் தெரு, தென்காசி.


தாராவி,
2-4-1961

அன்புள்ள உலகுவுக்கு,

மாரி படித்தாள். அழவில்லை. இரண்டாம் தடவை படித்தாள். “அந்த அக்கா கையில தழும்பு இருக்கா?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன். தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். அப்புறம், “அவுக கையில சூடத்தழும்பைக் காட்டித்தான் எங்கிட்டே முதமுதல்ல பேசினாக” என்றாள். கடிதத்தைத் தானே கொண்டுபோய் அவள் அப்பாவிடம் கொடுத்தாள்.

போன புதன்கிழமை செல்லச்சாமி அண்ணாச்சி அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அண்ணன் மில்லுக்குப் போயிருந்த நேரம். அத்தான் போய் ரயிலேற்றிவிட்டு வந்தார். ஆய்க்குடிக்குப் போகவில்லை. வேறு சொந்தக்காரர் வீட்டுக்கு. எந்த ஊர் என்று இதில் எழுதவில்லை. நீயும் கேட்காதே.

சாயங்காலம் அண்ணன் வந்தான். பூட்டிய வீட்டைப் பார்த்தான். நேரே அடுக்களை வாசலுக்கு வந்து நின்றான். “அவ எங்கட்டி?” என்றான். நான் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் அரிவாள்மணையை என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன். நீ ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. யாரைப் பார்த்து ஏட்டி பயம் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

“சொல்லுட்டி. சொல்லலைன்னா தண்டவாளத்துல போய்ப் படுத்துக்கிடுவேன்” என்றான்.

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

“கூடப் பிறந்தவளுக்கே என் மேல இரக்கம் இல்லையா?”

“இருக்கு. இந்த வீட்டுல உனக்குச் சோறு இருக்கு, பாய் இருக்கு. சீக்கு வந்தா நான் பார்க்குதேன். ஆனா அவ எங்க இருக்கான்னு நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

அவன் கதவை ஓங்கி உதைத்துவிட்டு வெளியே போனான். நான் ஓடவில்லை, உலகு. எத்தனை தடவை அவன் பின்னால் ஓடியிருக்கிறேன். உட்கார்ந்தே இருந்தேன். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது. அத்தான் ஷிப்டு முடிந்து வந்தபோது அவனைத் தெருமுனைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே நாலு பேர் சுற்றி நிற்க, தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தானாம். இப்போது அதில் மாரியும் சேர்ந்துவிட்டாள்.

இதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். அவன் எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். நேற்றிலிருந்து குடிக்கவில்லை. முகம் வாடியிருக்கிறது. பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அவன் பிள்ளை முகம் அப்படி. தட்டில் சோறு போட்டுத் தள்ளி வைத்தேன், சாப்பிட்டான். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “என்ன, மாரி கல்யாணம்னு போயிட்டாளா? பாவம் இந்தப் பையன்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், பன்னிரண்டாவது வயசு நடக்கிறது. இனி நான் அந்தக் குழந்தையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது கேட்டான்: “யாருக்கு எழுதுதே?”

பேனா நின்றுவிட்டது. ஊருக்கு, அம்மாவுக்கு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“உலகுவுக்கு” என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

“என்னைப் பத்தி என்ன எழுதுதே?”

“நடந்ததை எழுதுதேன்” என்றேன்.

உன்
குழல்வாய்மொழி